தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு: மின்வினையூக்கிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருக்கும் கேள்விகள் எல்லாம் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டவை, இல்லாவிட்டால் நானே தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் முதல் நான்கைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வருவது கொஞ்சம் குழப்பும்.

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே வரும்? பெராக்சைடு எங்கிருந்து வந்தது?

பள்ளியில் படித்தது தப்பில்லை, பாதிக் கதை. நேர்மின்முனையில் தண்ணீர் எலக்ட்ரான்களை இழக்கிறது. இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்கினால் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு கிடைக்கும். அதே இரண்டிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்தினால், இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஒற்றைப் பிணைப்பில் கைகோத்து, ஆளுக்கொரு ஹைட்ரஜனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. கழன்று போன ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின்முனைக்குப் போய் ஹைட்ரஜன் வாயுவாகின்றன. ஆக ஒரே கலத்தில் ஒரு பக்கம் பெராக்சைடு, மறுபக்கம் ஹைட்ரஜன். பாதி வழியில் நிறுத்துவதுதான் வேலையே, கீழே வரப்போகிற தொல்லைகள் எல்லாம் அங்கிருந்து கிளம்புபவைதான்.

இப்போது தொழிற்சாலைகளில் எப்படிச் செய்கிறார்கள்?

உலகில் தயாராகும் பெராக்சைடில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆந்த்ராகுவினோன் முறையில் வருகிறது. 1930களின் கடைசியில் ஜெர்மனியில் ரீடல், ஃப்லைடரர் என்ற இருவர் உருவாக்கியது. ஆந்த்ராகுவினோன் என்ற கரிமச் சேர்மத்தைக் கரைப்பானில் கரைத்து, பல்லேடியம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். பிறகு அதில் காற்றை ஊதினால் ஏற்றிய ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடாகிவிடும், ஆந்த்ராகுவினோன் பழையபடி திரும்பி வரும். அப்புறம் தண்ணீரால் பெராக்சைடைப் பிரித்தெடுத்துச் செறிவாக்க வேண்டும்.

நல்ல முறைதான், இல்லாவிட்டால் 80 வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்காது. ஆனால் பெரிய ஆலையாக இருந்தால்தான் கட்டுப்படியாகும், ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள், கரைப்பானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது போக்குவரத்து. 50 முதல் 70 சதவீதம் வரை செறிவாக்கி, ஆபத்தோடு லாரியில் ஏற்றி, எங்கோ கொண்டுபோய் இறக்கி, அங்கே ஒரு சதவீதத்துக்கும் கீழாகத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பயன்படுத்துகிற இடங்கள் நிறைய. வேண்டிய இடத்திலேயே, வேண்டிய அளவு, நீர்த்த நிலையிலேயே செய்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்புதானே.

ஆக்சிஜனிலிருந்து செய்வதும் தண்ணீரிலிருந்து செய்வதும் ஒன்றா?

இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆக்சிஜன் வாயுவை எதிர்மின்முனையில் விட்டு, இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து ஒடுக்குவது ஒரு வழி. அதன் திட்ட மின்னழுத்தம் சுமார் 0.70 வோல்ட். தண்ணீரை நேர்மின்முனையில் இரண்டு எலக்ட்ரான் அளவுக்கு ஆக்சிஜனேற்றம் செய்வது இன்னொரு வழி, அது 1.76 வோல்ட். முதல் வழி வெகுவாக முன்னேறிவிட்டது: கொபால்ட்-நைட்ரஜன்-கார்பன் ஒற்றை அணு வினையூக்கிகள், ஆக்சிஜனேற்றம் செய்த சாதாரணக் கார்பன், 2013இல் கணக்கீடு வழியாகத் தேடிக் கண்டுபிடித்த பிளாட்டினம்-பாதரசக் கலவை என்று பட்டியல் நீளும். 90 சதவீதத்துக்கு மேல் தேர்வுத்திறன் (வேறெதுவும் ஆகாமல் பெராக்சைடாகவே மாறும் பங்கு) அங்கே சாதாரணம். இந்தக் கேள்வி-பதில்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியைப் பற்றியவை. அது பின்தங்கிய பிள்ளைதான், ஆனால் அதற்கு ஆக்சிஜன் சிலிண்டரோ காற்றடிக்கும் ஏற்பாடோ வேண்டாம், கூடவே ஹைட்ரஜனும் கிடைக்கும்.

1.76 வோல்ட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? ஏன் இவ்வளவு சிரமம் என்கிறார்கள்?

மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தண்ணீர் ஆக்சிஜனாக 1.23 வோல்ட் போதும். தண்ணீர் பெராக்சைடாக 1.76. பெராக்சைடு ஆக்சிஜனாக வெறும் 0.70.

தண்ணீருக்கு ஆக்சிஜனாகும் வழிதான் எளிது, நாம் கஷ்டமான வழியில் போகச் சொல்கிறோம். அதைவிட மோசம், அப்படிப் போய்ப் பிறந்த பெராக்சைடு அதே மின்முனையின் மேல், தன்னை உடைக்கத் தேவையானதைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் அதிகமான அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. கொதிக்கும் எண்ணெயிலிருந்து அப்பளத்தை எடுப்பது மாதிரி, பொரிந்த கணத்தில் எடுக்காவிட்டால் கருகிவிடும். வெப்ப இயக்கவியலைக் கேட்டால் இது நடக்கவே கூடாது, நடப்பது வேகத்தால் மட்டுமே. அதனால் பெராக்சைடை உண்டாக்குவதைவிட, உண்டானதை மின்முனையிலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவருவதுதான் கடினம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். கட்டுரைகளில் முதல் பாதியைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், இரண்டாம் பாதியைப் பற்றி ஒரு பத்தி.

வினையூக்கி இதில் என்னதான் செய்கிறது?

தண்ணீர் மேற்பரப்பில் வந்து ஒட்டி, ஒரு ஹைட்ரஜனை இழந்து, ஹைட்ராக்சில் குழுவாக உட்காருகிறது. அது எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதில்தான் பாதை பிரிகிறது. ரொம்ப இறுக்கமாகப் பிடித்தால் அடுத்த ஹைட்ரஜனும் கழன்று, ஒற்றை ஆக்சிஜன் அணுவாகி, கடைசியில் ஆக்சிஜன் வாயுவாகப் போய்விடும். இரிடியம் ஆக்சைடு, ருத்தேனியம் ஆக்சைடு எல்லாம் இந்த ரகம், ஆக்சிஜன் வேண்டுமானால் அருமையானவை. ரொம்பத் தளர்வாகப் பிடித்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பாக (இணையில்லாத எலக்ட்ரானோடு திரியும் துண்டாக) கரைசலுக்குள் ஓடிவிடும், கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். இரண்டுக்கும் நடுவில், பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் மேற்பரப்பில்தான் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெராக்சைடாகின்றன. கணக்கீட்டுக்காரர்கள் ஹைட்ராக்சில் ஒட்டும் ஆற்றல் சுமார் 1.6 முதல் 2.4 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். இது நல்ல வடிகட்டி. ஆனால் அது சுத்தமான படிக முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் கையில் இருக்கும் மின்முனை அப்படி இருக்காது.

எந்தெந்தப் பொருட்களை முயன்றிருக்கிறார்கள்?

பெரும்பாலும் உலோக ஆக்சைடுகள். பிஸ்மத் வனடேட், டங்ஸ்டன் ஆக்சைடு, டின் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு நான்கையும் ஒப்பிட்டு 2017இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வில் பிஸ்மத் வனடேட் முதலிடம் பிடித்தது, ஃபாரடே திறன் (கொடுத்த எலக்ட்ரான்களில் பெராக்சைடாகக் கணக்கில் வந்த பங்கு) 98 சதவீதம் வரை. துத்தநாக ஆக்சைடும் கால்சியம் ஸ்டானேட்டும் பிறகு வந்தன. ஆக்சைடு அல்லாதவற்றில் போரான் கலந்த வைரம் முக்கியம். அது கிட்டத்தட்ட எதற்கும் அசையாது, ஆனால் ஹைட்ராக்சில் உறுப்புகளைத் தாராளமாக அவிழ்த்துவிடும். டெஃப்லான் பூசிய கார்பன் தாளும் உண்டு. அதில் மேற்பரப்பை ஒட்டிச் சிக்கிக்கொள்ளும் ஆக்சிஜன் குமிழிகளே பெராக்சைடின் பக்கம் சாய்க்கின்றன என்று 2020இல் காட்டினார்கள். குமிழியை விரட்டுவதற்கே பழகிய எங்களுக்கு அது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

எது சிறந்தது என்று கேட்டால், என்ன மின்னழுத்தத்தில், எந்தக் கரைசலில், எத்தனை மணி நேரம் என்று நான் திருப்பிக் கேட்பேன். பிஸ்மத் வனடேட்டிலிருந்து வனேடியம் கரைந்து வெளியேறும், துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் தாங்காது வலுவான காரத்திலும் தாங்காது. கார்பன் 0.21 வோல்ட்டிலேயே கார்பன் டை ஆக்சைடாகத் தொடங்கலாம், மெதுவாக நடப்பதால்தான் பிழைக்கிறது. நாம் அதை இரண்டு, மூன்று வோல்ட்டில் நிறுத்தி வைக்கிறோம்.

எல்லோரும் பைகார்பனேட் கரைசலையே பயன்படுத்துவது ஏன்?

ஏனென்றால் அதில்தான் எண்கள் நன்றாக வருகின்றன. அதே மின்முனையை சல்பேட்டிலோ பாஸ்பேட்டிலோ வைத்துப் பாருங்கள், பெராக்சைடு பாதாளத்துக்குப் போய்விடும். பொட்டாசியம் உப்பை விரும்புவதற்குக் காரணம் எளிது, சோடியம் பைகார்பனேட் அறை வெப்பத்தில் லிட்டருக்கு நூறு கிராம் கூடச் சரியாகக் கரையாது, பொட்டாசியம் உப்பு மூன்று மடங்கு கரையும், 2 மோலார் கரைசல் வேண்டுமென்றால் அதுதான் கதி.

ஏன் நன்றாக வருகிறது என்பதில்தான் சுவாரசியம். பைகார்பனேட் அயனியே நேர்மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சிகார்பனேட் ஆகிறது, அது தண்ணீரோடு வினைபுரிந்து பெராக்சைடைக் கொடுத்துவிட்டுப் பழையபடி பைகார்பனேட் ஆகிறது என்று ஒரு விளக்கம். அப்படியானால் தண்ணீர் நேரடியாக ஆக்சிஜனேற்றம் அடையவே இல்லை, கார்பனேட் ஒரு தரகர். இன்னும் துடுக்காகச் சொன்னால், உண்மையான வினையூக்கி நாம் பாடுபட்டு வளர்த்த படலமா, கடையில் வாங்கிய உப்பா என்று கேட்கலாம். கன ஆக்சிஜன் அணு உள்ள நீரைப் பயன்படுத்திச் சோதித்தால் பெராக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். பைகார்பனேட்டும் தண்ணீரும் தங்களுக்குள் ஆக்சிஜனை மாற்றிக்கொள்ளும் என்பதால் அங்கும் சீக்கிரம் அளந்தாக வேண்டும். என் சொந்தக் கருத்து: பைகார்பனேட்டில் மட்டும் வேலை செய்கிற வினையூக்கியைப் பற்றி எழுதும்போது இந்தத் தரகரின் பெயரைத் தலைப்புக்குப் பக்கத்திலாவது போட வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பா?

பெராக்சைடை 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டுபிடித்தார், பேரியம் பெராக்சைடையும் அமிலத்தையும் வைத்து. மின்சாரத்தால் பெராக்சைடு வரும் என்பதை 1853இலேயே மைடிங்கர் என்பவர் கந்தக அமிலக் கரைசலை மின்னாற்பகுத்தபோது கவனித்தார். 1908இல் ஆஸ்திரியாவில் வைசன்ஸ்டைன் என்ற இடத்தில் மின்வேதி முறையில் தொழிற்சாலையே தொடங்கிவிட்டது. அங்கே சல்பேட் நேர்மின்முனையில் பெர்சல்பேட்டாகும், அதைத் தண்ணீரோடு வினைபுரியவிட்டால் பெராக்சைடு. மேலே சொன்ன கார்பனேட் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே நாடகம், நடிகர் மட்டும் வேறு. ஆந்த்ராகுவினோன் மலிவாக வந்ததும் அந்த ஆலைகள் மூடப்பட்டன. மின்சாரச் செலவுதான் அன்றைக்கும் வில்லன்.

ஃபாரடே திறன் 90 சதவீதம் என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். கொடுத்த எலக்ட்ரான்களில் எத்தனை பங்கு பெராக்சைடாகக் கணக்கில் வந்தது என்பது மட்டுமே ஃபாரடே திறன். எவ்வளவு பெராக்சைடு கிடைத்தது என்பதை அது சொல்லாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனை, 10 மில்லி ஆம்பியர், 2 மணி நேரம். 72 கூலும். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான், ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும் என்று வகுத்தால், 100 சதவீதம் திறனிலும் 0.00037 மோல், அதாவது சுமார் 12.7 மில்லி கிராம் பெராக்சைடு. 20 மில்லி லிட்டர் கரைசலில் அது 0.06 சதவீதம். மருந்துக்கடை பாட்டிலில் இருப்பது 3 சதவீதம். அதை எட்டவேண்டுமானால் இதே கலத்தை நான்கு நாள் விடாமல் ஓட்ட வேண்டும், அதுவும் ஒரு துளிகூடச் சிதையாமல். ஓட்டிப் பார்த்தால் அரை நாளில் வளைகோடு படுத்துவிடும், ஏனென்றால் செறிவு ஏற ஏற உண்டாகும் வேகமும் அழியும் வேகமும் ஒன்றாகிவிடுகின்றன.

அதனால் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது கடைசியில் எட்டிய செறிவும் ஓட்டிய நேரமும்தான். பத்து நிமிடத்தில் அளந்த 90 சதவீதத்தைவிட, பத்து மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கிற 50 சதவீதம் எனக்கு மேல்.

பெராக்சைடை எப்படி அளப்பது? சோதனைத் தாள் போதாதா?

ஏதோ வருகிறது என்று தெரிந்துகொள்ளத் தாள் போதும், எண் எழுதப் போதாது. இதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு நாள் தாள் கருநீலமாக மாறியதும் துள்ளிக் குதித்தேன், நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், இனிப்புகூட வாங்கி வந்தாயிற்று. மறுநாள் சந்தேகம் வந்து, வினையூக்கியே பூசாத வெறும் மின்கடத்தும் கண்ணாடியை மாட்டி ஓட்டினால் அதே நீலம். அன்றைக்குக் கரைசல் தயாரித்தது குழாய்த் தண்ணீரில். அதிலிருந்த குளோரைடு நேர்மின்முனையில் ஹைப்போகுளோரைட்டாகி, தாளில் பெராக்சைடு வேஷம் போட்டிருந்தது. அந்தத் தாளை இன்னும் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நம்பகமானது பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். கரைசலில் கொஞ்சம் எடுத்து நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாக விடுங்கள், பைகார்பனேட் இருந்தால் பொங்கி வழியும், அவசரப்படாதீர்கள், நுரை அடங்கட்டும். அப்புறம் பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் இரண்டு மூன்று சொட்டு நிறம் மாறாமல் அப்படியே நிற்கும், 'முடிந்துவிட்டதோ' என்று தோன்றும். முடியவில்லை. குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருந்தால் நிறம் மெல்லக் கரையும், அதில் உண்டாகும் மாங்கனீசு அயனி வினையைத் தூண்டுவதால் அதன் பிறகு விழும் சொட்டெல்லாம் விழுந்த மாத்திரத்தில் மறையும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்து நின்றால் அதுதான் முடிவுப் புள்ளி. புதிதாகச் செய்கிறவர்கள் அந்த முதல் சொட்டிலேயே ஏமாந்து பூச்சியம் என்று எழுதிவிடுவார்கள்.

மிகக் குறைந்த செறிவுக்கு நிறமானி முறைகள் வசதி. டைட்டானியம் ஆக்சிசல்பேட் பெராக்சைடோடு மஞ்சளாகும், மஞ்சள் நிற சீரியம் சல்பேட் நேர்மாறாக நிறம் இழக்கும். எதுவானாலும் மூன்று வெற்றுச் சோதனைகள் கட்டாயம்: மின்சாரம் இல்லாமல், வினையூக்கி இல்லாமல், இரண்டும் இல்லாமல்.

மின்னழுத்தத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

ஒப்பீட்டு மின்முனை (மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளந்தார்களோ அது) எது என்று பாருங்கள். வெள்ளி-வெள்ளி குளோரைடை வைத்து அளந்ததை, எல்லோரும் பொதுவாக ஒப்பிடும் மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுக்கு மாற்ற, பிஎச் 8.3 உள்ள பைகார்பனேட்டில் சுமார் 0.69 வோல்ட் கூட்ட வேண்டும். ஓட்டும்போது மின்முனைக்குப் பக்கத்தில் பிஎச் இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரைசலின் மின்தடைக்குக் கழித்தார்களா என்பது இன்னொன்று, பெரிய மின்னோட்டத்தில் அதுவே அரை வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும்.

ஒரு கிலோ பெராக்சைடுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்?

ஒரு கிலோவுக்குச் சுமார் 1,576 ஆம்பியர் மணி வேண்டும். இது பேரம் பேச முடியாத எண். அதைக் கலத்தின் மின்னழுத்தத்தால் பெருக்கி, ஃபாரடே திறனால் வகுத்தால் முடிந்தது. தண்ணீரிலிருந்து பெராக்சைடும் ஹைட்ரஜனும் எடுக்கக் குறைந்தபட்சம் 1.76 வோல்ட், அதாவது 2.8 யூனிட். நடைமுறையில் 3 வோல்ட்டும் 50 சதவீதமும் என்று வைத்தால் 9.5 யூனிட் ஆகிவிடும். ஆக்சிஜனை ஒடுக்கும் கலத்தில் கோட்பாட்டளவு 0.53 வோல்ட்தான் (நேர்மின்முனையில் தண்ணீர் ஆக்சிஜனாகும் 1.23இலிருந்து 0.70ஐக் கழித்தது), 2 வோல்ட்டும் 90 சதவீதமும் என்றால் 3.5 யூனிட்டில் முடியும். இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் தண்ணீர் வழியைத்தான் பிடிப்பேன் என்றால், கூட வரும் ஹைட்ரஜனைக் கணக்கில் சேர்க்க வேண்டும், காற்றில் விட்டுவிட்டுப் பசுமை என்று பேசக்கூடாது.

இரண்டு மின்முனையிலும் பெராக்சைடே செய்தால்?

செய்யலாம், அழகான யோசனை. நேர்மின்முனையில் தண்ணீர், எதிர்மின்முனையில் ஆக்சிஜன், இரண்டு எலக்ட்ரான் போனால் இரண்டு மூலக்கூறு பெராக்சைடு. எலக்ட்ரான் கணக்கில் 200 சதவீதம் என்று தலைப்பில் போட்டுக்கொள்ளலாம், தேவையான மின்னழுத்தமும் கோட்பாட்டில் 1.06 வோல்ட்தான். சிக்கல், இரண்டு பக்கத்துக்கும் பிடித்த கரைசல் ஒன்றல்ல. கார்பன் எதிர்மின்முனை வலுவான காரத்தைக் கேட்கும், நேர்மின்முனை பைகார்பனேட்டைக் கேட்கும். ஒரே வீட்டில் இருவருக்கும் சமைப்பது போல.

செய்த பெராக்சைடு சும்மா வைத்திருக்கும்போதே குறைகிறதே?

குறையும். பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும், சிதையும்போது மோலுக்கு 98 கிலோ ஜூல் வெப்பத்தையும் விடும். இரும்பு, தாமிரம், மாங்கனீசு அயனிகள் துளி இருந்தாலும் வேகம் எகிறும். காரத்தன்மை கூடினாலும் அப்படியே, பிஎச் 11.6ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் எதிரயனியாகிவிடும், அதற்குப் பொறுமை கிடையாது. துருப்பிடித்த கவ்வி ஒன்று கரைசலில் முங்கியிருந்ததால் எங்கள் ஒரு வார வேலை போயிருக்கிறது. கரைசலைக் குளிர்ச்சியாக வையுங்கள், கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் கழுவுங்கள், வெளிச்சம் படவிடாதீர்கள். சோடியம் சிலிக்கேட் கொஞ்சம் சேர்த்தால் சிதைவு மட்டுப்படும். கடைப் பாட்டிலில் ஸ்டானேட், பாஸ்பேட் போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதும் இதற்குத்தான், அதனால் அந்தப் பாட்டிலை வைத்து அளவுத்திருத்தம் செய்கிறவர்கள் முதலில் பெர்மாங்கனேட்டால் அதன் உண்மையான செறிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மின்முனைகளுக்கும் நடுவில் சவ்வு தேவையா?

தேவை. இல்லாவிட்டால் நேர்மின்முனையில் பிறந்த பெராக்சைடு எதிர்மின்முனைக்குப் போய்த் தண்ணீராகத் திரும்பிவிடும்.

உப்பே இல்லாத தூய பெராக்சைடு கிடைக்காதா?

ஆக்சிஜன் வழியில் கிடைத்துவிட்டது. 2019இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு இரண்டு மின்முனைகளுக்கும் நடுவில் துளைகள் உள்ள திட மின்பகுளியை அடைத்து, அதனூடே வெறும் தூய நீரை ஓடவிட்டது. ஒரு பக்கமிருந்து ஹைட்ரஜன் அயனி, மறுபக்கமிருந்து பெராக்சைடு அயனி, இரண்டும் நடுவில் சந்தித்து, ஓடும் நீரில் பெராக்சைடாக வெளியேறும். எடையில் 20 சதவீதம் வரை எட்டினார்கள். நேர்மின்முனை வழியில் இதைச் செய்வது கஷ்டம், காரணம் அந்தத் தரகர்தான், பைகார்பனேட் இல்லாமல் அங்கே வேலை நடப்பதில்லை. செய்து முடித்த பிறகு உப்பைப் பிரிக்கவும் வேண்டும். துணி வெளுக்கவும் கூழ் வெளுக்கவும் உப்பு பெரிய இடைஞ்சல் இல்லை, ஆனால் சிலிக்கான் சில்லு கழுவுகிறவர்களிடம் அதைக் கொண்டுபோக முடியாது.

கடல்நீரைப் பயன்படுத்தலாமா?

நேர்மின்முனை வழிக்கு வேண்டாம். குளோரைடு முந்திக்கொள்ளும், ஹைப்போகுளோரைட்டு வரும், அதுவும் பெராக்சைடும் சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஆக்சிஜனைக் கக்கும்.

தண்ணீரைத் தெளித்தாலே பெராக்சைடு வருகிறது, மின்சாரமே வேண்டாம் என்கிறார்களே?

2019இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஜாரின் குழு, மைக்ரோமீட்டர் அளவு நீர்த்துளிகளில் பெராக்சைடு தானாக உண்டாவதாக அறிவித்தது. பிறகு வேறு குழுக்கள், சுற்றியிருக்கும் காற்றிலுள்ள ஓசோனை நீக்கினால் அது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று காட்டின. வாதம் சுவையானது, ஆனால் பேசப்படும் செறிவு மைக்ரோமோலார் கணக்கு. அதை நம்பித் தொழிற்சாலை கட்ட முடியாது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம் என்பேன். நீர்த்த பெராக்சைடைவிட எனக்குப் பயம் எதிர்மின்முனையில் வரும் ஹைட்ரஜன்தான், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், மூடிய அறையில் ஒரு சின்னப் பொறி போதும். அடுத்து, 'கொஞ்சம் கொதிக்க வைத்துச் செறிவாக்கிப் பார்ப்போமே' என்ற ஆசை. 30 சதவீதப் பெராக்சைடு விரலில் பட்டால் தோல் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்து, ஊசி குத்துவது போல் எரியும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். துணி, மரத்தூள், கரிமக் கரைப்பான் எதோடும் சேரவிடக் கூடாது. ஆய்வகத்திலும் பெராக்சைடு வைத்த பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், ஒரு லிட்டர் 3 சதவீதக் கரைசல் முழுதாகச் சிதைந்தால் பத்து லிட்டர் ஆக்சிஜன் வரும், அது எங்காவது போயாக வேண்டும்.

ஆந்த்ராகுவினோன் ஆலைகளை இது மூடிவிடுமா?

சீக்கிரத்தில் இல்லை. பெரிய அளவில், அதிகச் செறிவில் அதோடு மோத முடியாது, மோதவும் வேண்டியதில்லை. கழிவுநீரில் இரும்பு அயனியோடு பெராக்சைடு சேர்த்துச் சாயத்தை உடைக்கும் ஃபென்டன் வினை மாதிரியான இடங்களில் 0.1 சதவீதம்கூடப் பயன்படும், அதுவும் அங்கேயே உண்டாகி அங்கேயே செலவாகிவிடும். அந்த வேலைக்கு இன்றைக்குத் தயாராக இருப்பது ஆக்சிஜனை ஒடுக்கும் கலம்தான். தண்ணீர் வழிக்கு இன்னும் ஆயிரம் மணி நேரம் கரையாமல் நிற்கிற மின்முனை வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறேன், முதல் சோதனை எதுவாக இருக்கலாம்?

ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி, 2 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், அயனி நீக்கிய நீர், நடுவில் ஒரு அயனிப் பரிமாற்றச் சவ்வு, கலத்தைச் சுற்றி ஐஸ். வேறு வினையூக்கி எதையும் பூச வேண்டாம். வெறும் கண்ணாடியே கொஞ்சம் பெராக்சைடு கொடுக்கும். எவ்வளவு என்று ஐந்து, பத்து, இருபது, அறுபது நிமிடங்களில் அளந்து வரைபடம் போடுங்கள். பிறகு அதே கரைசலில் தெரிந்த அளவு பெராக்சைடை நீங்களே ஊற்றி, மின்னோட்டம் ஓடும்போது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பாருங்கள். இந்த இரண்டு வரைபடமும் கையில் இருந்தால், பின்னால் எந்தப் பொருளைப் பூசினாலும் அது பெராக்சைடை அதிகம் உண்டாக்குகிறதா, குறைவாக அழிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும்.